மெல்லப் பாடச் சொல்லிக் கேளுங்கள்

அந்தப் பெண்ணுக்கு 24 வயது. சோப்ரானோ, அதாவது பெண் குரல்களிலேயே மிக உயர்ந்த வகை. இளம் ஓபரா பாடகர்களுக்கு நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. என் பியானோ பக்கத்தில் நின்று எதைப் பாடினாலும் முழுக் குரலில்தான் பாடுவாள். 'மிக மெல்ல' என்று இசைத்தாளில் குறித்திருக்கும் இடத்திலும் அறை அதிரும். நல்ல குரல்வளம், துணிச்சலும் இருக்கிறது என்று இரண்டு வாரம் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள், மேல் ஸ்தாயியில் வரும் ஒரே ஒரு வரியை, பக்கத்தில் குழந்தை தூங்குவதாக நினைத்துக்கொண்டு பாடச் சொன்னேன். வாய் திறந்தது. முதலில் வெறும் காற்று வந்தது, ஒரு கணம் கழித்துத்தான் ஒலி. திரும்பப் பாடச் சொன்னேன். அதே மாதிரிதான். அவள் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஆறு வாரம் இருக்கும். வலிக்கலையே, அதனால பரவாயில்லைன்னு நினைச்சேன்."

இந்த 'வலிக்கலையே' என்ற ஒரு சொல் எத்தனை குரல்களைக் கெடுத்திருக்கிறது தெரியுமா? குரல்நாண்கள் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நீளமே உள்ள மெல்லிய மடிப்புகள். சோப்ரானோ தன் உச்ச 'சி' ஸ்வரத்தைப் பாடும்போது அவை நொடிக்கு 1,000 தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த விளிம்பில் வீக்கம் வந்தாலும், முடிச்சு விழுந்தாலும், சில சமயம் சிறு இரத்தக்கசிவே ஏற்பட்டாலும்கூட வலி தெரியாமலே போகலாம். கழுத்தில் வலி வந்தால் அது பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகள் கஷ்டப்படுவதால் வருவது. வீங்கிய விளிம்பு எளிதில் அதிராது, அதை அசைக்கக் கூடுதல் காற்றழுத்தம் வேண்டும். உரக்கப் பாடும்போது அந்த அழுத்தம் தானாகவே கிடைத்துவிடுவதால் குறை மறைந்துவிடுகிறது. மேலே, மெல்ல, ஒரே இழையாகப் பாடும்போதுதான் அது வெளியே தெரியும். எல்லாவற்றையும் உரக்கப் பாடும் பிள்ளையை நான் இப்போது சந்தேகத்தோடுதான் கேட்கிறேன்.

இளையவர்கள் ஏன் இப்படித் தள்ளிப் பாடுகிறார்கள்? ஓபராவில் மைக் கிடையாது. அரங்கின் கடைசி வரிசை வரை குரல் வாத்தியக் குழுவைத் தாண்டிப் போக வேண்டும். அதற்குப் பலம் வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் வாத்தியக் குழுவின் ஒலி அதிகமாகக் குவிவது 500 ஹெர்ட்ஸை (நொடிக்கு 500 அதிர்வுகளை) ஒட்டிய பகுதியில். பயிற்சி பெற்ற குரலின், முக்கியமாக ஆண் குரல்களின், கணீரென்ற ஒலி, வாத்தியக் குழுவின் ஒலி குறைந்திருக்கும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி 1970களிலேயே இதை விளக்கிவிட்டார். சோப்ரானோவின் உச்ச ஸ்வரங்களில் கணக்கு கொஞ்சம் வேறு, வாயையும் தொண்டையையும் ஸ்வரத்துக்கு ஏற்ப அமைப்பதில் அந்த வித்தை இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் குரல் தூரம் போவது அதன் நாதத்தால்தான். தொண்டையை முறுக்கிப் பயனில்லை.

அப்புறம், பாத்திரத் தேர்வு. வாக்னரின் ஓபராக்களில் வரும் பெரிய நாயகிகள், புச்சினியின் துரந்தோத் இளவரசி போன்ற பாத்திரங்கள் முப்பதுகளிலும் அதற்குப் பிறகும் முதிர்ந்து வரும் குரல்களுக்கானவை. மோட்சார்ட் என்றால் பாதுகாப்பு என்று சொல்வதும் பாதி உண்மைதான். அவரது 'ஃபிகாரோவின் திருமணம்' ஓபராவில் வரும் சூசன்னா லேசான குரலுக்கு எழுதப்பட்ட பாத்திரம், ஆனால் சோப்ரானோ பாத்திரங்களிலேயே மிக நீளமானவற்றில் அதுவும் ஒன்று. ஒரு வாரம் தினமும் முழுக் குரலில் ஒத்திகை பார்த்தால் எந்த இளம் தொண்டையும் களைத்துவிடும். குரலைச் சேமித்து, சில இடங்களை ஒரு ஸ்தாயி கீழே பாடி ஒத்திகை பார்க்கும் 'மார்க்கிங்' என்ற முறையை முதல் மாதமே சொல்லிக்கொடுக்க வேண்டும். அதையும் சோம்பலாக, காற்று கலந்து முணுமுணுத்தால் தொண்டை இன்னும் களைக்கும். மார்க்கிங் செய்கிறவரை 'உழைக்காதவர்' என்று பார்க்கும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பேச வேண்டியது நம் பொறுப்பு. அந்தச் சண்டையை 24 வயதுப் பிள்ளையிடம் விடக்கூடாது.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு. அந்தப் பெண் ஆறு வாரம் ஏன் சொல்லவில்லை? அவளைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை எழுதுவது நான்தான். அடுத்த தயாரிப்பில் யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பேசும் கூட்டத்திலும் நான் இருப்பேன். என்னிடம் "தொண்டை சரியில்லை" என்று சொன்னால் வாய்ப்பு போய்விடும் என்று அவள் பயந்ததில் தப்பே இல்லை. குறை எங்கள் ஏற்பாட்டில் இருந்தது. பாத்திரம் தருவதில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர் வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து நான் போகும் இடமெல்லாம் கேட்கிறேன். திட்டத்தில் சேரும்போதே, குரல் நன்றாக இருக்கும் நிலையில், குரல்நாண்களின் அசைவைக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பி பரிசோதனையை எடுத்து வைத்துக்கொள்ளவும் சொல்கிறேன். பிறகு சிக்கல் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படம்தான் உதவும்.

டெனர் என்ற உயர்ந்த ஆண் குரலில் பாடும் புகழ்பெற்ற ஓபரா பாடகர் ரோலண்டோ வில்லாசோன் 2009இல் குரல்நாணில் இருந்த நீர்க்கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதை மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு மேடைக்குத் திரும்பினார். மாணவர்களிடம் இதை அடிக்கடி சொல்வேன்.

இளம் பாடகர்களே, தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மிட்டாயைச் சப்பிக்கொண்டு பாடாதீர்கள். ஸ்டீராய்டு போட்டு ஒரு நிகழ்ச்சியைச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் குரல்நாணைப் பார்த்துச் சொல்லும் மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு வீக்கத்தை வடியவைக்கும், காரணத்தைத் தீர்க்காது. பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென்று போனால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அது இரத்தக்கசிவாக இருக்கலாம். அன்றைய நிகழ்ச்சி போனால் போகட்டும்.

அந்தப் பெண்ணுக்கு முடிச்சின் ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை, ஓய்வும் குரல் சிகிச்சையும் போதுமானதாக இருந்தன. அந்த நாட்களிலும் அவள் என் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. வாய் திறக்காமல் உட்கார்ந்து, இத்தாலிய வரிகளுக்குக் கீழே சொல்லுக்குச் சொல் பொருள் எழுதுவாள், மூச்சு வாங்கும் இடங்களைப் பென்சிலால் குறிப்பாள். பத்து வாரம் கழித்து மருத்துவர் சம்மதித்த பிறகு, அதே வரியை அதே ஸ்தாயியில் மெல்லப் பாடச் சொன்னேன். காற்று முந்திக்கொள்ளவில்லை. அவளே என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை பாடட்டுமா?" என்றாள்.