டிட்டரன்ஸ்: தடுப்பா, வெருட்டா?

அணு ஆயுதம் பற்றிய தமிழ்ச் செய்திகளில் ‘அணு ஆயுதத் தடுப்புக் கொள்கை’ என்ற தொடரைக் காண்கிறோம். முதன்முறை படிப்பவர் இதை அணு ஆயுதங்களை ஒழிக்க முனையும் கொள்கை என்றே எடுத்துக்கொள்வார். அதில் அவர் மீது குற்றமில்லை. நோய்த் தடுப்பு நோயைத் தடுப்பது, வெள்ளத் தடுப்பு வெள்ளத்தைத் தடுப்பது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆனால் அத்தொடர் சுட்டுவது ஏறக்குறைய நேர்மாறான ஒன்றை: அணு ஆயுதத்தை வைத்திருந்து, அதைப் பயன்படுத்தத் தயங்கமாட்டோம் என்று பகைவரை நம்பச்செய்து, அவர் தாக்க எண்ணுவதையே தடுப்பது. எழுதியவர் மூன்றாம் வேற்றுமையாக (‘ஆயுதத்தால் தடுப்பது’) எண்ணிய தொகையைப் படிப்பவர் இரண்டாம் வேற்றுமையாக (‘ஆயுதத்தைத் தடுப்பது’) விரித்துக்கொள்கிறார். இந்தக் குழப்பத்தின் வேர் ‘டிட்டரன்ஸ்’ (deterrence) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கிய முறையில் இருக்கிறது.

அச்சொல்லின் மூலம் இலத்தீன். ‘தெர்ரேரே’ என்றால் அச்சுறுத்துதல். அதன் முன்னே ‘அப்பால்’ என்ற பொருள்தரும் ‘தே’ சேர்ந்து ‘தேதெர்ரேரே’ ஆகும்போது அச்சுறுத்தி விலகச்செய்தல் என்று பொருள்படும். ‘டெரர்’ என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். போருக்கு வருமுன் இக்கருத்து நெடுநாள் தண்டனைச் சட்டத்தில் வழங்கியது. 1764இல் தம் நூலை வெளியிட்ட இத்தாலியச் சிந்தனையாளர் பெக்கரியா, தண்டனையின் நோக்கம் நடந்த குற்றத்துக்குப் பழிதீர்ப்பதன்று, இனிக் குற்றம் நிகழாமல் செய்வதே என்று வாதிட்டார். குற்றம் செய்ய நினைப்பவன் கைகளைக் கட்டாமல், அவன் மனக்கணக்கை மாற்றுவதே இங்கே வழி.

இக்கருத்து படைத்துறையின் நடுவிடத்துக்கு வந்தது 1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவும் 9இல் நாகசாகியும் அழிக்கப்பட்ட பின்னர்தான். அதுவரை போரில் வெல்வதே படையின் முதன்மை நோக்கமாக இருந்தது, இனிப் போர் மூளாமல் காப்பதே அதன் நோக்கமாக வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் பெர்னார்ட் ப்ரோடி 1946இல் எழுதினார். 1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டைச் சோதித்துவிட்டதால், அச்சம் இருபக்கமும் பொதுவாயிற்று.

1961இல் அமெரிக்க அரசியல் அறிஞர் கிளென் ஸ்னைடர் டிட்டரன்ஸை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, தாக்கினாலும் நினைத்தது கைகூடாது என்று பகைவரை உணரச்செய்வது. மற்றொன்று, கைகூடினாலும் அதற்குத் தாங்கமுடியாத விலை கொடுக்க நேரும் என்று உணரச்செய்வது. முதல்வகை நமக்குப் புதிதன்று. ‘உறுபகை ஊக்கம் அழிப்ப தரண்’ என்கிறது திருக்குறள் (744). பகைவரின் உடலையோ படையையோ சொல்லாமல், அவருடைய ஊக்கத்தை அழிப்பது அரண் என்றது எத்தனை நுட்பம்! ஆனால் அணு ஆயுதம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அது மதிலன்று, வந்துவிழும் ஏவுகணை எதையும் அது நிறுத்தாது.

பொதுமக்கள் மனத்தில் பெரும்பாலும் பதியாத செய்தி இதுதான். ‘நாட்டின் தற்காப்புக்காக அணு ஆயுதம்’ என்று கேட்கும்போது கேடயம் ஒன்று கண்முன் தோன்றுகிறது. உண்மையில் 1972இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஏவுகணை எதிர்ப்பு அமைப்புகளைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டன. இருதரப்பு நகரங்களும் திறந்தே கிடந்தால்தான் இருதரப்பும் அடங்கியிருக்கும் என்பது அதன் பின்னிருந்த கணக்கு. (2002இல் அமெரிக்கா அதிலிருந்து விலகியது.) ஆகவே டிட்டரன்ஸைத் ‘தற்காப்பு’ என்று எழுதுவது பொருளையே புரட்டிவிடுகிறது. தற்காப்பு என்பது ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு ஏற்கும் உரிமை. டிட்டரன்ஸ் அவ்வுரிமையின் பெயரால் கைக்கொள்ளப்படும் வழிகளில் ஒன்று. 1996 ஜூலை 8 அன்று அளித்த கருத்துரையில் பன்னாட்டு நீதிமன்றமும் இவ்விரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஒரு நாட்டின் இருப்பே கேள்விக்குள்ளாகும் கடைக்கோடித் தற்காப்பு நிலையில் அணு ஆயுதம் சட்டத்துக்கு உட்பட்டதா, புறம்பானதா என்று அறுதியாக முடிவுசெய்ய இயலவில்லை என்ற அது, டிட்டரன்ஸ் கொள்கையைப் பற்றித் தீர்ப்புக் கூற முற்படவில்லை.

பிறமொழிகள் இக்கருத்துக்கு என்ன பெயரிட்டன என்பதும் பார்க்கத்தக்கது. ஜெர்மனின் ‘ஆப்ஷ்ரெக்குங்’ அச்சத்தை மறைக்காமல் சொல்கிறது. பிரெஞ்சின் ‘திசுவாசியோன்’ எடுத்துச்சொல்லி மனம்மாற்றுவதைக் குறிக்கும் வேரிலிருந்து வருவதால், அணுகுண்டு கூட அங்கே நாகரிகமாகப் பேசுகிறது. ரஷ்யத்திலோ இரண்டு சொற்கள்: அச்சுறுத்தலைச் சுட்டும் ‘உஸ்த்ரஷேனியே’, அடக்கிவைத்தலைச் சுட்டும் ‘ஸ்தேர்ஷிவானியே’. சோவியத் எழுத்துகளில் முன்னது பெரும்பாலும் எதிர்த்தரப்பின் கொள்கைக்கும், பின்னது தம் கொள்கைக்கும் வழங்கின என்பதைச் சொல்லாமல் விடமுடியவில்லை.

தமிழில் ‘தடுப்பு’, ‘தடுப்பாற்றல்’, ‘தடுப்புத் திறன்’ ஆகியவை வழங்குகின்றன. மூன்றிலும் அச்சம் உதிர்ந்துவிட்டது. ‘அச்சத்தடை’ என்று ஆக்கிப் பார்க்கலாமென்றால், அது அச்சத்தால் ஆன தடையா, அச்சத்துக்கு இடும் தடையா என்ற பழைய சிக்கல் திரும்பவும் வருகிறது. ‘அச்சுறுத்தல்’ பாதிப் பொருளைத்தான் தரும். அச்சுறுத்தப்பட்டவர் விலகினாரா என்பதை அது சொல்வதில்லை.

என் பார்வையில் பொருந்துவது ‘வெருட்டு’. ‘வெரு’ என்றால் அச்சம். குடிகள் அஞ்சும் செயல்களைச் செய்யாதிருத்தலைப் பேசும் குறள் அதிகாரத்தின் பெயர் ‘வெருவந்த செய்யாமை’. அவ்வேரில் பிறந்த ‘வெருட்டுதல்’ அச்சுறுத்துவதையும் அச்சுறுத்தி ஓட்டுவதையும் ஒருசேரக் குறிக்கும். இலத்தீன் சொல்லின் இரு கூறுகளும் இதில் அடங்கிவிடுகின்றன. ஈழத்தமிழர் பேச்சில் இது இன்றும் உயிரோடிருக்கிறது. பறவைகளை அஞ்சவைக்க நிறுத்தும் புல்லுருவுக்கு ‘வெருளி’ என்றொரு பெயர் உண்டு. அதன் வலிமை வைக்கோலில் இல்லை, பறவையின் நம்பிக்கையில் இருக்கிறது. அணு ஆயுதம் வைக்கோல் அன்று என்றாலும், ஆற்றல் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் உறுதி உண்டென்று எதிரி நம்பவும் வேண்டும் என்ற நிபந்தனை இரண்டுக்கும் பொதுவே.

எனவே டிட்டரன்ஸ் என்பதை ‘வெருட்டு’ என்றும், அதற்கான ஆயுதத்தை ‘வெருட்டுப்படை’ என்றும், மேற்கண்ட இரு வகைகளை முறையே ‘முறியடிப்பு வெருட்டு’, ‘பதிலடி வெருட்டு’ என்றும் எழுதலாம். 2003 ஜனவரியில் இந்தியா அறிவித்த அணுக் கொள்கையின் மையத்தொடர், ‘நம்பத்தகுந்த குறைந்தபட்ச வெருட்டு’ என்றாகும். காதுக்குச் சற்றுக் கரடுமுரடாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறிக்கப்படும் பொருளும் மென்மையானதன்று.