தற்காப்பு ஆட்டக்காரர் ஏன் தாமதமாகப் பழுக்கிறார்?

கேப் டவுனின் ரைலண்ட்ஸ் பகுதியில் என் அக்கா வீடு. 2018 ஏப்ரலில் டர்பனிலிருந்து அங்கே போயிருந்தபோது, கிராண்ட்வெஸ்ட் பனித்தளத்தில் ஐஸ் ஹாக்கி உலகச் சாம்பியன்ஷிப்பின் மூன்றாம் பிரிவு ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அக்காவின் மகன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. பார்வையாளர்கள் எல்லோரும் மட்டையால் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு பாய்கிறவர்களுக்குக் கைதட்டினார்கள். அவனோ பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்த ஒரு தற்காப்பு ஆட்டக்காரரை விரலால் காட்டினான். "மாமா, அவரைப் பாருங்கள். எதுவுமே செய்யாதவர் போல இருக்கிறார். ஆனால் யாராலும் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை."

நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன். அவன் சொன்னது அன்றிரவு முழுவதும் மனத்தில் சுழன்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பாய்ந்து வரும் முன்கள ஆட்டக்காரரின் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நொடிக்கு 10 மீட்டர். கண் பார்த்ததற்கு உடல் அசையத் தொடங்க ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அதற்குள் அவர் 2 மீட்டர் கடந்துவிடுவார். கையையும் மட்டையையும் முழுக்க நீட்டினால் எட்டுகிற தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். எனவே நின்ற இடத்திலேயே காத்திருக்கும் தற்காப்பு ஆட்டக்காரர், எதிராளி திசை மாறியதை உணர்ந்து மட்டையை அசைப்பதற்குள் ஆள் பக்கத்தில் வந்துவிடுவார்.

பின்னோக்கிச் சறுக்குவது இதற்காகத்தான். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் அதோடு சேர்ந்து நாலு அடி ஓடுவதில்லையா? தற்காப்பு ஆட்டக்காரர் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் பின்வாங்கினால், இருவருக்கும் இடையிலான சார்பு வேகம் நொடிக்கு 3 மீட்டராகக் குறைகிறது. அதே 0.2 நொடியில் இடைவெளி வெறும் 60 சென்டிமீட்டர்தான் சுருங்கும். அவர் காலால் நேரத்தை வாங்குகிறார். சடுகுடு ஆடியவர்களுக்கு இது பழகிய சங்கதி. பாடி வருகிறவர் முன்னேற முன்னேறப் பிடிப்பவர்கள் பின்வாங்குவார்கள். எட்டியும் எட்டாமலும் ஓர் இடைவெளியைக் காத்துக்கொண்டே, அவர் கால் தப்பும் கணத்துக்குக் காத்திருப்பார்கள்.

ஆனால் பின்னோக்கிப் போகும் வேகம் முன்னோக்கிப் போகும் வேகத்தை எட்டாது. ஸ்கேட்டின் அலகு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலம். அதன் அடிப்பாகத்தை நடுவில் குழிவாகத் தீட்டுவதால் இருபுறமும் இரண்டு கூர்விளிம்புகள் கிடைக்கின்றன. பின்னோக்கிப் போகிறவர் உள்விளிம்பால் பனியில் பிறை வடிவம் கீறி உந்துகிறார். எவ்வளவு பயின்றாலும் ஏதோ ஒரு கணத்தில் அவர் இடுப்பைத் திருப்பி முன்னோக்கி ஓடியே ஆகவேண்டும். அப்படித் திரும்பும்போது உடலின் எடை ஒற்றைக் காலில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து எதிராளி மறுபக்கம் வெட்டினால் தொடர வழியில்லை. முன்கூட்டியே திரும்பினால் உள்பக்கம் திறந்துவிடும். தாமதித்தால் வெளிப்பக்கத்தில் ஆள் போய்விடுவார். ஓர் இளைஞர் ஆண்டுக்கணக்கில் கற்பது பெரும்பாலும் இந்த ஒரு கணத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துக் கற்கிறார்: எதிராளியிடமிருந்து வட்டைப் பறிக்க முடியாதபோது அவரைச் சுவரோரம் ஒதுக்குவது. கோலின் அகலம் 1.83 மீட்டர். நேர் எதிரே நிற்பவருக்கு அது முழுதாகத் தெரியும். கோல் கோட்டுக்கு 30 டிகிரி சாய்வில் ஒதுக்கப்பட்டவருக்கு அதில் பாதி, ஏறத்தாழ 90 சென்டிமீட்டர்தான் தெரியும். மீதியைக் கோல்காப்பாளரின் உடம்பு அடைத்துக்கொள்ளும்.

காலை இவ்வளவு பயிற்றுவித்தாலும் போதாது. 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் சதுரங்க வீரர்களுக்குக் காய்கள் அடுக்கிய பலகையைச் சில நொடிகள் மட்டும் காட்டி, நினைவிலிருந்து மீண்டும் அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலை என்றால் தேர்ந்த வீரர் புதியவரைவிட வெகுவாக முந்தினார். காய்களைத் தாறுமாறாக வைத்தபோது அந்த மேன்மை ஏறக்குறைய மறைந்துபோயிற்று. தேர்ந்தவரின் நினைவாற்றல் பொதுவாகப் பெரியதல்ல. ஆடி ஆடிச் சேர்ந்த அமைப்புகள்தாம் அவர் மனத்தில் இருக்கின்றன. ஐஸ் ஹாக்கியின் தற்காப்பும் இப்படிப்பட்ட வாசிப்புதான். பயிற்சியாளர்கள், வட்டைப் பார்க்காதே, எதிராளியின் மார்பையும் இடுப்பையும் பார் என்பார்கள். கையும் மட்டையும் ஏமாற்றும். உடலின் நிறை மையம் இடுப்பருகே இருக்கிறது. அது போகாத பக்கம் ஆள் போக முடியாது.

இந்த வாசிப்பு வேண்டிய அளவு சேர வேண்டுமானால் உண்மையான ஆட்டங்களில் நூற்றுக்கணக்கான முறை ஏமாந்தாக வேண்டும். முன்கள ஆட்டக்காரர் பிழைத்தால் சரிசெய்ய அவருக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். தற்காப்பு ஆட்டக்காரர் பிழைத்தால் மிச்சமிருப்பது கோல்காப்பாளர் ஒருவரே. அதனால்தான் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் அணிகள் பல இளம் தற்காப்பு ஆட்டக்காரர்களை உடனே மேலே ஏற்றாமல் கீழ்நிலை லீகில் ஆடவிடுகின்றன. மேலே ஓர் ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அஞ்சி அஞ்சி ஆடுவதைவிடக் கீழே இருபது நிமிடம் துணிந்து ஆடுவது நல்லது. உடலும் அந்த அவகாசத்தில் தேறும். மூளையில் முடிவெடுப்பதோடு தொடர்புடைய முன்மடல் பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டேயிருக்கிறது. ஆனாலும் வயதைவிட ஆட்டங்களின் எண்ணிக்கைக்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

அந்த லீகின் அணிகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில் சுவீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் 1989இல் 53ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். ஸ்லோவாக்கியாவின் ஸ்டெனோ சாரா 1996இல் 56ஆவது. கனடாவின் டங்கன் கீத் 2002இல் 54ஆவது. அவர்களுக்கு முன்னால் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை அணிகள் தேர்ந்தெடுத்துவிட்டன. லிட்ஸ்ட்ரோம் அதன்பின் இரண்டு ஆண்டுகள் சுவீடனிலேயே ஆடினார். கீத் கீழ்நிலை லீகில் இரண்டு பருவங்கள் ஆடினார். சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பையை முதன்முதலில் வென்றபோது கீத்துக்கு 26 வயது, லிட்ஸ்ட்ரோமுக்கு 31, சாராவுக்கு 32. விதிவிலக்குகளும் உண்டு. எரிக் கார்ல்சன் 2012இல் 22 வயதிலேயே அதை வென்றார். கேல் மக்கார் 2022இல் 23 வயதில். மக்காரும் தேர்வுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டுத்தான் மேலே வந்தார்.

அக்கா மகன் இப்போது தற்காப்பு ஆட்டக்காரனாக ஆடுகிறான். பனித்தளத்தில் கிடைக்கும் நேரம் குறைவு. மீதி நாட்களில் வீட்டுத் தெருவின் தாரில், சக்கர ஸ்கேட் அணிந்து பின்னோக்கிப் போய்த் திரும்பப் பழகுகிறான். இரவில் ஆட்டக் காணொளியை ஓடவிட்டு, எதிராளி வெட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்துகிறான். விளையாட்டு ஆய்வாளர்கள் முன்கணிப்பை அளப்பதும் இதே வழியில்தான். போன முறை போனபோது என்னையும் உட்காரவைத்தான்.

"மாமா, இடமா, வலமா?"

வட்டு இடப்பக்கம் இருந்தது. இடம் என்றேன். அவன் படத்தை ஓடவிடாமல், திரையில் அந்த ஆட்டக்காரரின் இடுப்பின்மேல் விரலை வைத்து, என்னை மறுபடி பார்க்கச் சொன்னான்.