பேஸ்ட் தீர்ந்துபோன காலையில்

"பேஸ்ட் தீர்ந்துவிட்டது. வெறும் பிரஷ்ஷால் தேய்த்தால் பல் சுத்தமாகுமா?" என்று பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஆகும். பல்லில் படியும் படலத்தை எடுப்பது பிரஷ்தான். அந்த வேலையில் பேஸ்ட்டின் ஒத்தாசை ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டு விதமாகவும் தேய்க்கவைத்துப் பார்த்த பல சோதனைகளைத் தொகுத்து 2016-இல் வந்த ஆய்வுக் கட்டுரையும் இதையே சொல்கிறது.

நம்பிக்கை வரவில்லையா? மெட்ரோ வாட்டர் பிடித்துவைக்கும் டிரம்முக்குள் கையை விட்டுப் பாருங்கள். கொஞ்ச நாள் கழுவாமல் விட்டால் உள்ளே வழவழவென்று ஒன்று படிந்திருக்கும். எத்தனை குடம் ஊற்றி அலசினாலும் போகாது. தேங்காய் நாரால் நாலு இழுப்பு இழுத்தால் உரிந்து வந்துவிடும், சோப்பு போட்டாலும் போடாவிட்டாலும். பல்லிலும் இதே கதைதான்.

பல் தேய்த்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் பல்லின் கடினமான மேல்தோடான எனாமல் மேல் மெல்லிசாகப் படிந்துவிடும். அதன்மேல் பாக்டீரியாக்கள் வந்து உட்காரும். இதெல்லாம் சாதாரணம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா செய்யும் வேலைதான் அபாரம். காபியில் நாம் போடும் சர்க்கரை என்பது ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்த ஜோடி. இந்த பாக்டீரியா வெளியே அனுப்பும் நொதி அந்தக் கையைப் பிரிக்கிறது. பிரிக்கும்போது கிடைக்கும் சக்தியை வைத்தே குளுக்கோஸ்களைப் பூச்சரம் போலக் கோத்துவிடுகிறது. தனியாக எரிபொருள் செலவே இல்லை! அந்தச் சரத்துக்குக் குளுக்கான் என்று பெயர். அதில் ஒரு வகை தண்ணீரில் கரையாத பசை. வாய் கொப்புளித்தால் படலம் போகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மிஞ்சிய ஃபிரக்டோஸும் வீணாவதில்லை. அதைத் தின்று லாக்டிக் அமிலமாகக் கக்குகிறது. நம் சர்க்கரையிலேயே வீடும் கட்டி, சாப்பாட்டையும் முடித்துக்கொள்கிறது.

கண்டங்கத்தரி விதைப் புகையைப் பிடித்து "பல்லுப் பூச்சி" எடுப்பவர்களை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். இப்போதும் திட்டுவேன். ஆனாலும் பல்லில் ஓர் உயிர் குடியிருக்கிறது என்ற சந்தேகம் தப்பில்லை. அது புழு இல்லை, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் பேஸ்ட் எதற்கு? நுரையும் புதினா வாசனையும் நம் திருப்திக்கு. அதிலுள்ள நைசான தூள் காபிக் கறையையும் வெற்றிலைக் கறையையும் எடுக்கும். உண்மையான சரக்கு ஃபுளோரைடு. அமிலம் ஏற ஏறக் குறையும் அளவு பிஹெச். பாக்டீரியா கக்கும் அமிலத்தால் வாயின் பிஹெச் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. கரைந்த கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் படியும்போது பக்கத்தில் ஃபுளோரைடு இருந்தால் அதுவும் சேர்ந்து படிகிறது. அப்படி உருவாகும் ஃபுளோரபடைட் சுமார் 4.5 வரை தாக்குப்பிடிக்கும்.

அதனால் அந்த வாசகி இன்று காலை வெறும் பிரஷ்ஷால் தேய்க்கலாம், சாயங்காலம் கடைக்குப் போகும்போது மறக்காமல் ஃபுளோரைடு பேஸ்ட் ஒன்று வாங்கிவிட வேண்டும். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். குவளை குவளையாகக் கொப்புளித்தால் ஃபுளோரைடும் சாக்கடைக்குப் போய்விடும். நான் கொப்புளிப்பதை விட்டு மூன்று வருடமாகிறது. "வாயைக்கூடக் கழுவாம வர்றான் பாரு" என்று அம்மா இன்னும் முகம் சுளிக்கிறார்.