அக்ராபியா: எழுத்தாற்றல் இழப்பு

பேனாவைப் பிடிக்க முடிகிறது, பொத்தான் போட முடிகிறது. நேற்றுவரை சரளமாக எழுதியவருக்கு இன்று ஒரு வரி எழுத வரவில்லை. கை வலுவோடு இருந்தும், மூளை பாதிப்பால் எழுதும் திறன் போய்விடுவதே அக்ராபியா.

கிரேக்கத்தில் 'அ' என்பது இன்மை, 'கிராபெய்ன்' என்பது எழுதுதல். (அநீதி, அசுத்தம் என்று நமக்குப் பழகிய வடமொழி 'அ'வும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை.) 1860களில் இச்சொல் மருத்துவத்துக்குள் வந்தது. பேச்சிழப்பும் எழுத்திழப்பும் தனித்தனியே வரக்கூடியவை என்று 1867இல் வாதிட்டார் ஆங்கிலேய மருத்துவர் ஓகிள்.

தமிழில் 'எழுத்தறிவின்மை' என்று பெயர்ப்பது தவறு, அது கல்லாமை. 'எழுத்திழப்பு' சுருக்கமானதுதான், ஆனால் சொற்புணர்ச்சியில் எழுத்துக் கெடுவதை நினைவூட்டும். கற்ற திறன் பறிபோனது என்ற பொருள் துல்லியமாக விழுவது 'எழுத்தாற்றல் இழப்பு' என்பதில்தான். குழந்தைகளுக்குத் திறன் சரிவரப் படியாமலே இருப்பது டிஸ்கிராபியா. அதற்கு 'எழுதுதல் குறைபாடு' போதும்.

எழுத்துக்கென்று மூளையில் ஒற்றை மையம் கிடையாது. வலக்கைக்காரர்களில் பெரும்பாலோருக்கு வேலை இடப்பாதியில் நடக்கிறது. சொல்லின் எழுத்துவடிவம் நினைவிலிருந்து வர ஒரு வழி, ஒலியை எழுத்தாக மாற்ற இன்னொரு வழி. இரண்டின் விளைவும் சில நொடிகள் மனத்தில் நிற்க வேண்டும். பிறகே எழுத்துருவும் கையசைவும். 1881இல் ஆஸ்திரிய உடலியலாளர் எக்ஸ்னர் சுட்டிய, மூளையின் முன்மடல் பகுதி இந்தக் கடைசிக் கட்டத்தோடு தொடர்புடையது.

எங்கே அறுந்தது என்பதைப் பிழையே சொல்லும். நினைவுவழி அறுந்தவர் ஒலியை நம்பி எழுதுவார். ழகரமும் ளகரமும் ஒன்றாய் ஒலிக்கும் பேச்சுடையவரானால் 'வாழை' 'வாளை'யாகும், பழம் மீனாகிவிடும். ஒலிவழி அறுந்தவர் பழகிய சொற்களை எழுதுவார், 'டுமிலா' போன்ற பொருளற்ற சொல்லைச் சொன்னால் திணறுவார். மூளையின் வலப்பாதி பாதித்தால் தாளின் இட ஓரம் அகன்றுகொண்டே போகும், 'ண'வில் ஒரு சுழி கூடும். பார்க்கின்சன் நோயில் எழுத்து போகப்போகச் சிறுத்துவிடும். அது அசைவுக் கோளாறு, சொல் தெரியாமல் அல்ல.

சோதிக்கும்போது கையெழுத்துப் போடச் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. ஆயிரம் முறை போட்டுப் பழகிய கையெழுத்து பாதிப்புக்குப் பிறகும் தப்பிவிடக்கூடும். தாமாக ஒரு வாக்கியம், சொல்லக் கேட்டு எழுதுதல், பார்த்து எழுதுதல், பொருளற்ற சொற்கள், விசைப்பலகை: ஐந்தும் வேண்டும். பார்த்து எழுத வந்து, கேட்டு எழுத வராவிட்டால் பழுது கையில் இல்லை. எழுதியதை நோயாளியையே படிக்கவும் சொல்ல வேண்டும்: எழுத முடிந்தும் தன் எழுத்தையே படிக்க முடியாத நோயாளியை 1892இல் பிரெஞ்சு நரம்பியலாளர் டெஜரின் விவரித்திருக்கிறார். முன்பு நோயாளி எந்த அளவு எழுதிவந்தார் என்பதை வீட்டாரிடம் கேட்காமல் அக்ராபியா என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுதவே கூடாது.