புது ரயில் ஏன் வளைவில் கிறீச்சிடுகிறது?

புதிதாகத் திறந்த இலகு ரயிலில் முதல் நாளே ஏறி, கடைசி நிலையம் வரை போய்த் திரும்பிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பெட்டியும் புதுசு, தண்டவாளமும் புதுசு. ஆனாலும் தெருமுனையில் திரும்பும்போது காதைக் கிழிக்கிறதே, சரியாகக் கட்டவில்லையா?"

கட்டியதில் குறை இருக்க வேண்டியதில்லை. வளைவின் கணக்கே அப்படி.

மேலே கம்பி, கீழே மோட்டார், இதெல்லாம் தெரிந்த கதை. நேரே சக்கரத்துக்கு வருவோம். கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், அதற்காகத்தான் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல். வழக்கமான ரயிலில் அது கிடையாது. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை, சேர்ந்தேதான் சுற்றும். ஆனால் 1435 மி.மீ. அகலப் பாதை செங்கோணமாகத் திரும்பினால், வெளித் தண்டவாளம் உட்தண்டவாளத்தைவிடச் சுமார் 2.25 மீட்டர் நீளம். வளைவு பெரிதோ சிறிதோ, இந்த வித்தியாசம் மாறாது. நம்பாதவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். அந்த 2.25 மீட்டரை யார் ஈடுகட்டுவது?

சக்கரத்தின் வடிவம்தான். அதன் ஓடும் பரப்பு உருளை அல்ல, கூம்பு. உட்பக்கம் சற்றே பருத்து, வெளிப்பக்கம் சற்றே சிறுத்திருக்கும். சரிவு 20-க்கு 1 என்ற அளவில். வளைவில் நுழைந்ததும் அச்சு வெளிப்பக்கமாகச் சில மில்லிமீட்டர் ஒதுங்கும். உடனே வெளிச்சக்கரம் தன் பருத்த பகுதியில் ஓடுகிறது, உட்சக்கரம் சிறுத்த பகுதியில். ஒரே சுற்றுதான், ஆனால் வெளியே அதிக தூரம், உள்ளே குறைந்த தூரம். அச்சு தானாகவே திரும்பிவிடுகிறது! சக்கரத்தின் ஓர விளிம்புதான் ரயிலைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது கடைசிக் காவல் மட்டுமே.

நேர்பாதையிலும் இதே வேலை நடக்கிறது. அச்சு இடப்பக்கம் ஒதுங்கினால் இடச்சக்கரத்தின் பருமன் அதை நடுவுக்குத் திருப்பும். கொஞ்சம் தாண்டிப் போய்விடும். அப்புறம் வலப்பக்கத்தின் முறை. இந்த நெளிவின் அலைநீளத்துக்கு 1883-இல் கிளிங்கெல் என்ற ஜெர்மானியர் ஒரு சூத்திரம் தந்தார். சக்கரத்தின் ஆரம், பாதையின் அகலம், கூம்பின் சரிவு, அவ்வளவுதான் அதில் உண்டு. வேகம் வரவே வராது. ரயில் இயற்பியலில் எனக்கு இதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை.

சரி, கிறீச்சொலி எங்கிருந்து வருகிறது? 30 செ.மீ. ஆரமுள்ள சக்கரம் 5 மி.மீ. ஒதுங்கினால் சுமார் 900 மீட்டர் ஆர வளைவைச் சமாளிக்கும். தெருமுனை வளைவின் ஆரம் 25 மீட்டர் என்றால் 18 செ.மீ. ஒதுங்க வேண்டும். இருக்கும் இடைவெளியோ சில மில்லிமீட்டர். கூம்பு இங்கே தோற்றுவிடுகிறது.

போதாததற்கு, ஒரே சட்டகத்தில் உள்ள இரண்டு அச்சுகளும் ஏறக்குறைய இணையாகவே நிற்பதால், முன்சக்கரம் பார்க்கும் திசை ஒன்று, போகும் திசை வேறு. ஆகவே அது தண்டவாளத்தின் தலையில் பக்கவாட்டில் வழுக்குகிறது. சீராக வழுக்கினால் பரவாயில்லை. ஒட்டி, விடுபட்டு, மறுபடி ஒட்டுகிறது. வயலின் கம்பியை வில் அதிரவைப்பதும் இப்படித்தான். பெரும்பாலும் ஒலிப்பது முன் அச்சின் உட்சக்கரம்.

தரை தாழ்ந்த பெட்டிகள் சிலவற்றில் நடுவே நடக்க இடம் வேண்டுமென்று குறுக்கு அச்சையே எடுத்துவிட்டு, சக்கரங்களைத் தனித்தனியாகச் சுற்றவிடுகிறார்கள். நீள வித்தியாசம் தீர்ந்தது. ஆனால் தானாகத் திரும்பும் குணமும் போய்விட்டது, பக்கவாட்டு வழுக்கலும் தீரவில்லை. அதிவேக ரயில் என்றால் ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டுகிறவர்கள், வீட்டு வாசலில் ஓடும் ரயிலின் சத்தத்துக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. சக்கரத்துக்குள் ரப்பர் வைக்கும் முறை 1930-களின் அமெரிக்க டிராம்களிலேயே வந்துவிட்டது. வளைவில் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. மழை நாளில் அதே வளைவு அமைதியாக இருப்பதை வாசகரே கவனிக்கலாம். எண்ணெயைத் தாராளமாகப் பூச மட்டும் முடியாது. சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடம் ஒரு சின்ன நாணயம் அளவுதான், பிரேக் பிடிப்பதும் அதே இடத்தில்தான்.