அறுபதா, ஐம்பத்தொன்பதா?

பொங்கலுக்கு ஊருக்குப் போக ஜனவரி 13-ம் தேதி ரயிலில் இடம் வேண்டும். ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகச் சுருங்கியது 2024 நவம்பர் 1 முதல். சரி, ஜனவரி 13-க்கு 60 நாள் முன்னால் என்பது எந்தத் தேதி? போனில் காலண்டரைத் திறந்து, ஜனவரி 13 மேல் விரலை வைத்து ‘ஒன்று’ என்றேன். 12 இரண்டு, 11 மூன்று என்று பின்னோக்கியே போனேன். அறுபது என்று சொன்னபோது விரல் நவம்பர் 15-ல் நின்றது. அன்று காலை எட்டு மணிக்குச் சுடச்சுடக் காபியோடு உட்கார்ந்தால், நான் கேட்ட வண்டியில் நீளமான வெயிட்டிங் லிஸ்ட். முன்பதிவு முந்தின நாள் காலையிலேயே திறந்து, முடிந்தும் போயிருந்தது.

எண்ணும்போது எங்கும் தடுமாறவில்லை. ஜனவரி 13-ஐயே ஒன்று என்று ஆரம்பித்ததுதான் வினை. பயண நாளைச் சேர்க்காமல் 60 என்பது விதி. நான் சேர்த்து எண்ணியதால் என் அறுபது உண்மையில் ஐம்பத்தொன்பது.

ஒரு தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்ற கேள்விக்குள் இரண்டு சிக்கல்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, மாதங்கள் கோணல்மாணலாக இருப்பது. இதற்கு மிகப் பழைய, அழகான தீர்வு ஒன்று உண்டு. இன்னொன்று, எந்த முனையைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது. இதற்குக் கணக்கில் தீர்வே கிடையாது.

முதல் சிக்கலைப் பார்ப்போம். 2031 மே 21 அன்று ஒரு கங்கண சூரிய கிரகணம் வருகிறது. அதன் பாதை கேரளத்தையும் தென் தமிழ்நாட்டையும் கடந்து இலங்கையின் வடக்குப் பக்கம் போகிறது. மதுரைக்காரர்கள் வீட்டு மாடியிலிருந்தே பார்க்கலாம். 2026 பொங்கல் நாளான ஜனவரி 15-லிருந்து அதற்கு எத்தனை நாள்?

தேதியை எண்ணாக நினைத்துக் கழித்தால் 5 ஆண்டு, 4 மாதம், 6 நாள் என்று வரும். அதை நாளாக மாற்றப் போனால் கை நிற்கிறது. நான்கு மாதம் என்றால் எந்த நான்கு? நடுவில் பிப்ரவரி இருந்தால் ஒரு விடை, ஜூலையும் ஆகஸ்டும் இருந்தால் வேறு விடை. தேதி பார்க்கத்தான் எண் போல இருக்கிறது. உண்மையில் அது ஒரு முகவரி. 15-ம் நம்பர் வீட்டை 21-ம் நம்பர் வீட்டிலிருந்து கழித்தால் தூரம் கிடைக்காது, தெருக்களின் நீளமும் தெரிய வேண்டும்.

பள்ளியில் கற்ற வழியில் முஷ்டியை மடக்கி, மேடு 31, பள்ளம் 30 என்று போகலாம். ஐந்து ஆண்டுக்கு 1825, 2028 லீப் ஆண்டு என்பதால் ஒன்று கூட்டி 1826. மிச்சம் ஜனவரியில் 16, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 21, ஆக 126. மொத்தம் 1952 நாள். விடை சரிதான். ஆனால் ஒவ்வொரு ஜோடித் தேதிக்கும் இடையில் உள்ள பாதை முழுவதையும் இப்படி நடந்தே கடக்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள தூரத்தை யாரும் நடந்து அளப்பதில்லை. இரண்டு ஊரிலும் இருக்கிற கிலோமீட்டர் கல்லைப் பார்த்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் போதும். எல்லாக் கல்லும் ஒரே இடத்திலிருந்து அளக்கப்பட்டவை என்பதுதான் அதன் பலம். நாள்களுக்கும் அப்படி எங்கோ தூரத்தில் ஒரு பூஜ்யக் கல் நட்டுவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் கிடைத்துவிடும். அப்புறம் வெறும் கழித்தல்தான்.

இந்தியச் சோதிட கணிதர்கள் அந்தக் கல்லைக் கலியுகத்தின் தொடக்கத்தில் நட்டார்கள். பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கில் அது கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. அன்றிலிருந்து கழிந்த நாள்களின் எண்ணிக்கைக்கு அகர்கணம் என்று பெயர். தனக்கு 23 வயதானபோது கலியில் 3600 ஆண்டுகள் கழிந்திருந்தன என்கிறார் ஆரியபட்டர். அது கி.பி. 499. 2026 ஜனவரி 15-க்கு அகர்கணம் 18,72,590. கிரகண நாளுக்கு 18,74,542. கழித்துப் பாருங்கள், அதே 1952.

கிழமையும் இதிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கலி வெள்ளியில் பிறந்ததால், அகர்கணத்தை ஏழால் வகுத்து மீதி எதுவும் வராவிட்டால் வெள்ளி, 1 வந்தால் சனி. 18,72,590-க்கு மீதி 6, வியாழன். கிரகணத்துக்கு மீதி 5, புதன்.

சரி, அந்தப் பதினெட்டு லட்சத்து எழுபத்து சொச்சம் எங்கிருந்து வந்தது? ஐயாயிரம் ஆண்டுகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாதே. வாக்கியப் பஞ்சாங்கக்காரர்களிடம் இதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. அவர்களுடைய சூரிய ஆண்டில் 365 நாளும், ஒரு நாளை 576 பங்காக்கினால் அதில் 149 பங்கும் இருக்கின்றன. அதாவது 576 ஆண்டுக்கு மிகச் சரியாக 2,10,389 நாள். ஆகவே கழிந்த கலி ஆண்டுகளை 2,10,389-ஆல் பெருக்கி, 1237 என்ற திருத்தத்தைக் கழித்து, 576-ஆல் வகுத்தால் வருடப் பிறப்பின் அகர்கணம் வந்துவிடும்.

நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 2026 சித்திரையில் கழிந்த கலி ஆண்டு 5127. பெருக்கிக் கழித்தால் 107,86,63,166. வகுத்தால் ஈவு 18,72,679, மீதி 62. நம்முடைய பொங்கல் எண்ணோடு 89-ஐக் கூட்டினாலும் அதே 18,72,679 வருகிறது. அந்த 89-வது நாள் ஏப்ரல் 14! மீதி வந்த 62 பங்குதான் சூரிய உதயத்திலிருந்து கழிந்த நேரம், ஏறக்குறைய ஆறரை நாழிகை. ஒரு பெருக்கல், ஒரு கழித்தல், ஒரு வகுத்தலில் தமிழ் வருடம் பிறக்கும் நாளும் பொழுதும் விழுந்த விதத்தைப் பார்த்து, நான் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டேன்.

இதைக் காகிதம்கூட இல்லாமல் செய்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஜான் வாரன் என்ற அதிகாரி 1825-ல் சென்னையில் வெளியிட்ட நூலில், புதுச்சேரியில் தான் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களைக் கொண்டே, அந்த ஆண்டின் மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் வெறும் 4 நிமிடம் பிசகியது. நடுப்பொழுது 23 நிமிடம், முடிவு 52 நிமிடம். அவருடைய முதல் படி அகர்கணம் கண்டுபிடிப்பதுதான். அப்புறம் அந்தப் பெரிய எண்ணிலிருந்து 12,372, 3031, 248 நாள் சுற்றுகளை வரிசையாக நீக்கிக்கொண்டே வருவார். கடைசியில் 248-க்குள் எஞ்சுகிற எண், சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்லும் 248 வாக்கியங்களில், அதாவது அந்த மனப்பாடச் சொற்களில், எதை எடுப்பது என்று சொல்லும்.

மேல்பத்தூர் நாராயண பட்டதிரி நாராயணீயம் என்ற துதி நூலை ‘ஆயுராரோக்யஸௌக்யம்’ என்ற சொல்லோடு முடித்தார். கடபயாதி முறையில் அதை எண்ணாக்கினால் 17,12,210 வரும். மேளகர்த்தா ராகத்தின் பெயரிலிருந்து அதன் எண்ணை எடுக்கிறோமே, அதே முறை. நூல் முடிந்த கலி நாள் அது; ஆண்டு 1586. வாழ்த்தும் தேதியும் ஒரே சொல்லில்.

ஐரோப்பாவில் இதே யோசனை, ஆண்டுகளை எண்ணுவதற்காக, 1583-ல் ஜோசப் ஸ்காலிஜர் என்ற அறிஞருக்கு வந்தது. அவர் தொடக்கத்தைக் கி.மு. 4713-ல் வைத்தார். வானியலாளர்கள் இன்றும் அந்தத் தொடக்கத்திலிருந்தே நாள்களை எண்ணி, ஜூலியன் நாள் என்று பயன்படுத்துகிறார்கள். அந்தக் கணக்கில் நாள் நண்பகலில் மாறும். தொலைநோக்கியில் கண் வைத்திருக்கும்போது நடுராத்திரியில் தேதி மாறினால் குறிப்பேட்டில் குழப்பம் வரும் என்பதால் அது ஐரோப்பிய வானியலாளர்களுக்குத் தோதாக இருந்தது.

கல் எங்கே நடப்பட்டது என்பது முக்கியமே இல்லை. கலியுகம் உண்மையில் அன்று பிறந்ததா என்று நம்பத் தேவையில்லை; இரண்டு எண்ணிலும் அந்தத் தொடக்கம் சமமாக இருப்பதால் கழிக்கும்போது அது காணாமல் போகிறது. தொடக்கத்தில் தப்பே இருந்தாலும் பாதகமில்லை. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணுகிறது. அதில் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் இருக்கும். அப்படி ஒரு நாள் உலகத்தில் வந்ததே இல்லை. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளில் இருந்த பிழையை, அதன் கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே வைத்துக்கொண்டார்கள். 2026 பொங்கல் அங்கே 46,037. ஒரு பொய் நாள் சேர்ந்த எண்தான். ஆனால் 1900 மார்ச்சுக்குப் பிந்தைய இரண்டு தேதிகளைக் கழித்தால் அந்தப் பொய் இரண்டு பக்கமும் அடிபட்டுவிடும்.

கணினிக்கு உள்ளே நடப்பதிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. பன்னிரண்டு மாத நீளத்தை அட்டவணை போட்டு வைக்காமலே சமாளிக்கலாம். ஆண்டை மார்ச்சில் தொடங்கினால் போதும். மார்ச் முதல் ஜூலை வரை 31, 30, 31, 30, 31, ஆக 153. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை மறுபடி அதே வரிசை, அதே 153. அப்புறம் ஜனவரி 31. தொல்லை பிடித்த பிப்ரவரி ஆண்டின் வாலுக்குப் போய்விடுகிறது. லீப் நாள் வந்தாலும் அது ஆண்டின் கடைசி நாள், யார் கணக்கையும் கெடுக்காது. மார்ச்சிலிருந்து கழிந்த மாதங்களை 153-ஆல் பெருக்கி, 2 கூட்டி, 5-ஆல் வகுத்துப் பின்னத்தை விட்டுவிட்டால் கழிந்த நாள்கள் கிடைக்கும். மே மாதத்துக்கு இரண்டு மாதம்: 308-ஐ ஐந்தால் வகுத்தால் 61. மார்ச்சும் ஏப்ரலும் சேர்ந்து அதே 61. பழைய ரோமானியர்களுக்கு உண்மையிலேயே மார்ச்தான் முதல் மாதம். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற பெயர்களில் சப்தம், அஷ்டம், நவம், தசம் காதில் விழுகிறதா? அவை ஏழாவது முதல் பத்தாவது வரையான மாதங்களாக இருந்தன.

இதோடு மாதத்தின் தேதியையும், ஆண்டுக்கு 365, நான்காண்டுக்கு ஒன்று கூட்டல், நூறாண்டுக்கு ஒன்று கழித்தல், நானூறாண்டுக்கு ஒன்று கூட்டல் என்று சேர்த்தால் முழு எண் தயார். ஜனவரி, பிப்ரவரி மட்டும் முந்தைய ஆண்டில் சேரும். அப்படிப் போட்டால் பொங்கலுக்கு 7,39,937, கிரகணத்துக்கு 7,41,889. மறுபடியும் 1952.

இனி இரண்டாவது சிக்கல், என் டிக்கெட்டைக் காவு வாங்கியது. பத்து மீட்டர் வேலிக்கு மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டால் பதினொரு கம்பம் வேண்டும். நாள் கணக்கில் நாம் எண்ணுவது கம்பங்களையா, இடைவெளிகளையா? தமிழ் இரண்டையும் கலந்தே பேசுகிறது. ‘இன்றைக்கு எட்டாம் நாள்’ என்றால் அடுத்த வாரம் இதே கிழமை. இடைவெளி ஏழுதான், இன்றையும் சேர்த்துக் கம்பங்களை எண்ணுவதால் எட்டு. ரோமானியர்களும் இப்படிக் கம்பம் எண்ணியவர்கள்தான், அதற்கு விலையும் கொடுத்தார்கள். நான்காண்டுக்கு ஒரு லீப் ஆண்டு என்று ஜூலியஸ் சீசர் ஏற்பாடு செய்தார். அவர் இறந்த பின் பூசாரிகள் முந்தைய லீப் ஆண்டையும் சேர்த்து எண்ணி, மூன்றாண்டுக்கு ஒன்று போட்டுவிட்டார்கள். 36 ஆண்டுகளில் 9-க்குப் பதிலாக 12 லீப் நாள். பிறகு அகஸ்டஸ் சில லீப் ஆண்டுகளைத் தவிர்த்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ரயில் டிக்கெட்டில் நான் செய்த தப்பைச் சாம்ராஜ்ய அளவில் செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

எந்த முனையைச் சேர்ப்பது என்பதை விதிதான் சொல்ல வேண்டும். வக்கீல்கள் லிமிடேஷன் சட்டம் என்று சொல்லும் 1963-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-ம் பிரிவு, கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறதோ அந்த நாளை விட்டுவிடு என்கிறது. விரதம், காரியம் என்று வந்தால் பல வீடுகளில் முதல் நாளும் கணக்கில் உண்டு. அங்கே சட்டம் பேசிப் பயனில்லை.

கணினியில் இன்னொரு வலையும் இருக்கிறது. இரண்டு நேரங்களின் வித்தியாசத்தை நொடிகளாக எடுத்து, 86,400-ஆல் வகுத்து, பின்னத்தை வெட்டிவிடுவார்கள். சென்னையில் இது ஒழுங்காக ஓடும். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவதால் அன்றைக்கு 23 மணி நேரம்தான். மார்ச் 1-லிருந்து ஏப்ரல் 14 சித்திரைப் பிறப்பு வரை 44 நாள். அங்குள்ள தமிழர் ஒருவர் இப்படிக் கணக்குப் போட்டால் 43 நாள் 23 மணி நேரம் வந்து, வெட்டியதும் 43 ஆகிவிடும். நம்மூருக்கு வேறு விதமான கோளாறு: மென்பொருள் கிரீன்விச் நேரப்படி நாளை மாற்றினால், இன்னும் இத்தனை நாள் என்கிற எண் இங்கே விடிகாலை ஐந்தரை மணிக்குத்தான் ஒன்று குறையும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. மணியைத் தொடாமல், தேதியை நாள் எண்ணாக மாற்றி அதைக் கழிக்க வேண்டும்.

ஜனவரி 13 கணக்கு மட்டும் எனக்கு இப்போது மனப்பாடம். நவம்பரில் மிச்சம் 16, டிசம்பர் 31, ஜனவரி 13, ஆக 60. நடுவில் பிப்ரவரி வராததால் லீப் ஆண்டானாலும் இது மாறாது. நவம்பர் 14, குழந்தைகள் தினம், காலை எட்டு மணி.