பழைய ஸ்டீரியோ ரிசீவரைப் பழுது பார்க்கும்போது அடுத்து திறக்கப்போகிறவரையும் நினையுங்கள்

1970களில் வந்த மரான்ட்ஸ், பயனியர் ரிசீவர்களை (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக இருக்கும் பெட்டிகளை) வயது மட்டும் கெடுப்பதில்லை, பழுது பார்க்கத் திறப்பதும் கெடுக்கிறது. வேலை தெரிந்தவர் திறந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் அந்தச் செட்டுகளில் பலவற்றில் போர்டுகளை இணைக்கும் ஒயருக்குக் கழற்றி மாட்டும் கனெக்டரே கிடையாது. கூர்மையான மூலைகள் உள்ள சதுர முளையில் ஒற்றைக் கம்பியை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள், சால்டர்கூட இருக்காது. சுற்று என்னவோ அருமையான சுற்று, இன்றைக்கும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு ட்ரான்சிஸ்டரை மாற்றப் போர்டைப் புரட்டினால் அதிலிருக்கும் எல்லா ஒயரும் சேர்ந்து வளைகிறது, நீளமும் தாராளமாக விட்டிருக்க மாட்டார்கள், இப்படிச் சில தடவை வளைந்தபின் முளையை ஒட்டி ஒடிந்துவிடும்.

இங்கே சிங்கப்பூரில், யீஷூனிலிருந்து ஓர் அண்ணன் தன் அப்பா வாங்கின பயனியரை என்னிடம் கொண்டுவந்தார். "இப்பதாண்ணே ஒரு இடத்துல சரி பண்ணினோம், இப்ப இடது பக்கம் பாடவே மாட்டேங்குது" என்றார். முன்பு பார்த்தவர் மாற்றிய பாகங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன, ஒயர்தான் ஒடிந்திருந்தது. யாரைக் குறை சொல்ல?

அதனால் பெரிய வேலைக்குத் திறக்கிற செட்டில், உரிமையாளர் சம்மதித்தால், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் போர்டையாவது கழற்றி மாட்டும்படி மாற்றிவிடுகிறேன். முதலில் ஒவ்வொரு முளையையும் படம் எடுத்து, ஒயருக்கு எண் ஒட்டி, அப்புறம்தான் கை வைப்பேன். ஒற்றைக் கம்பிக்குப் பதிலாகப் பல இழை உள்ள மெல்லிய சிலிகான் ஒயர், போர்டை வெளியே எடுத்து மேசையில் படுக்கவைக்கிற அளவுக்கு நீளம். கனெக்டர் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும், ஆனால் பார்த்து வாங்குங்கள்: 2.5 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள சின்னது சுமார் 3 ஆம்பியர்தான் தாங்கும், பவர் சப்ளை ஒயருக்கும் ஸ்பீக்கர் ஒயருக்கும் 3.96 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும் 10 ஆம்பியர் வகைதான் போட வேண்டும்.

எங்கே கனெக்டர் போடக்கூடாது என்பது இதைவிட முக்கியம். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கில் ஒட்டிக்கொண்டு, சூட்டைப் பார்த்து பயாஸைக் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டத்தை) குறைக்கிற சின்ன ட்ரான்சிஸ்டர் ஒன்று பல செட்டுகளில் இருக்கும். அதன் ஒயர் ஒரு நொடி விட்டுப்போனாலும் பயாஸ் எகிறி அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள் கருகிவிடும், அதை எப்போதும் சால்டர் செய்தே விடுங்கள். ரெக்கார்ட் பிளேயருக்கான ஃபோனோ பகுதியையும் தொடாதீர்கள். அங்கே வருவது சில மில்லிவோல்ட் சிக்னல், ஒயரை நீட்டினாலோ இடம் மாற்றினாலோ ஹம் என்கிற இரைச்சல் கேட்கத் தொடங்கும்.

பயாஸை அளக்கிற இடம் பெரும்பாலும் உள்ளே ஒளிந்திருக்கும், ஓடுகிற செட்டில் மல்டிமீட்டர் முனை கொஞ்சம் வழுக்கினாலும் சேதம்தான். அவுட்புட் ட்ரான்சிஸ்டரோடு சேர்ந்திருக்கும் எமிட்டர் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலிருந்தும் தலைக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒயர் இழுத்து, மேலே எட்டும்படி இரண்டு முளை வைத்துவிட்டால் அளவு மாறாது, தவறி ஷார்ட் ஆனாலும் ஒன்றும் வெடிக்காது. ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயையும் கழற்றி மாட்டும் சாக்கெட்டில் போட்டுவிடுவேன். அதன் முனைகள் கறுத்துப்போனால் சத்தம் குறைவாக வைக்கும்போது ஒரு பக்கம் மங்கும், கூட்டினால் திரும்பி வரும், இந்த ஊர் ஈரக்காற்றில் இது அடிக்கடி வருகிற பழுது. டயல் பல்பை எல்ஈடியாக மாற்றுவது அவரவர் விருப்பம்.

இதையெல்லாம் வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. பிளக்கைப் பிடுங்கினாலும் பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும், ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள், சில நூறு ஓம் உள்ள 10 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகு கை வையுங்கள். திரும்ப ஓடவிடும்போது மின்சாரம் வரும் ஒயரில் ஒரு பழைய இழை பல்பைத் தொடரில் போட்டு ஓடவிடுங்கள், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், செட்டு தப்பிக்கும்.

ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த செட்டை இணையத்தில் வாங்கியிருந்தால் முதல் மாற்றம் பின்பக்கத்தில் பெரிதாக "100 வோல்ட்" என்று ஒரு ஸ்டிக்கர். நம் வீட்டு 230 வோல்ட்டில் யாரும் தெரியாமல் நேராகச் செருகிவிடக்கூடாது. அந்தக் காலத்து ஜப்பான் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான், நம் தமிழ் வானொலி ஒலி 96.8 அதில் வராது என்பதையும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியில் ஒரு தாளில் தேதி, பயாஸ் அளவு, மாற்றிய பாகங்கள், எந்த நிற ஒயர் எந்த முளைக்கு என்று எழுதி மேல்மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன். கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டு உரிமையாளரிடமே கொடுத்துவிடுவேன், ஏனென்றால் சேகரிப்பாளர் சிலர் எல்லாம் பழையபடி இருந்தால்தான் வாங்குவார்கள், விற்கிற எண்ணம் இருப்பவர் ஒயர் மாற்றும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும், கூலியும் கூடும், நீங்கள் கேட்காமல் எந்தக் கடையிலும் தானாகச் செய்துதர மாட்டார்கள்.